நாற்பத்தோராம் நாள்

சுரங்கத்தில் எந்த ஆள் எந்த ஷிப்ட்டுக்கு வர வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. இருபத்தைந்து வருஷமாக இதைத்தான் செய்கிறேன். கட்டம் போட்டு, மேலே தேதி, ஓரத்தில் பெயர், யாருக்கு என்றைக்கு ஆஃப், யார் வராவிட்டால் பதிலுக்கு யார் என்று ஒரு கட்டமும் காலியில்லாமல் நிரப்பத் தெரியும். வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது என்பாள் என் மனைவி. நான் செய்த பாவத்தையும் அந்த ஒரே திறமையை வைத்துத்தான் செய்தேன்.

நான் பிறப்பால் கத்தோலிக்கன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவோம், கடைசி வரிசையில் நிற்போம், ஆசீர் முடிந்ததும் முதல் ஆளாக ஸ்கூட்டரை எடுப்போம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் ரவுண்டானாவில் வண்டி சறுக்கி, இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இரண்டு மாதம் குவார்ட்டர்ஸிலேயே கிடந்தேன். நான் பூசைக்கு வராதது கோவிலில் ஒருவருக்கும் தெரியவில்லை. சாமியாரைக் குறை சொல்ல மாட்டேன், அத்தனை குடும்பத்தில் கடைசி வரிசைக்காரன் ஒருவன் இல்லாததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆனாலும் வயிறு எரிந்தது.

அப்போது ஒருநாள் பக்கத்து பிளாக்கிலிருந்து ஒரு ஃபிட்டர் தன் மனைவியோடு வந்தார். அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியதில்லை. மந்தாரக்குப்பம் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையில் கூடும் சின்ன சபையைச் சேர்ந்தவர்கள். ஜெபம் செய்வதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "கக்கூஸ் போக என்ன சார் பண்றீங்க?" நான் வெட்கத்தோடு, மனைவி தாங்கிப் பிடிக்கிறாள் என்றேன். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, விளிம்பு குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து நின்றார். என்னை அந்தச் சபைக்குக் கொண்டுபோனது வசனமல்ல, அந்த ஓட்டை நாற்காலிதான்.

எதையோ கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள் என்று அந்த மாதிரிச் சபைகளைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். எங்களுக்கு ஒருவரும் எதுவும் கொடுக்கவில்லை. "நேத்து ஏன் வரல?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். இந்தச் சுரங்க நகரியத்தில் அந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கேட், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாவட்டத்து ஆள். பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குவார், நாம் வேலைக்குக் கிளம்புவோம், நாம் வரும்போது அவர் போயிருப்பார். இப்படியே ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து போய்விடுவோம். சபையிலோ முதல் வாரமே நான் 'அண்ணன்' ஆகிவிட்டேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

என் மனைவி வரவில்லை. "நீங்க போங்க, நான் மாதாவை விட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். கிண்டல் செய்வாள், தடுக்க மாட்டாள்.

சபையில் ஒரு குறை இருந்தது. புதிதாக யாராவது வந்தால் முதல் நாள் பத்துப் பேர் அவர் வீட்டுக்குப் போவார்கள், இரண்டாம் நாள் ஒருவரும் போக மாட்டார்கள். எல்லாரும் ஷிப்ட் ஆட்கள், யாருக்கு எப்போது ஓய்வு என்று யாருக்கும் தெரியாது. நான்தான் பாஸ்டரிடம் போய், "இதுக்கு ஒரு சார்ட் போட்டா சரியாப்போயிடும்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டார். எத்தனை நாள் என்று கேட்டேன். "நாற்பது நாள் போதும் பிரதர். அதுக்கப்புறம் அவங்க நம்ம குடும்பம். சொந்த வீட்டுக்கு யாரு விசிட் போவாங்க?" என்றார். தப்பாக எதுவும் தோன்றவில்லை. சபையில் போய்வரக்கூடியவர்களே பதினோரு பேர்தான், அடுத்தடுத்துப் புது ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் கட்டம் போட்டேன். போய்வந்தால் டிக், போகாவிட்டால் பதில் ஆள். நாற்பது முடிந்ததும் சிவப்புப் பென்சிலால் கோடு. சுரங்கத்துக்குப் போட்ட எந்த அட்டவணையும் அவ்வளவு அழகாக அமைந்ததில்லை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தம்மா எங்கள் செக்‌ஷனுக்கு அட்டெண்டராக வந்தார். கம்பெனியில் வேலை பார்த்த கணவர் இறந்ததால் கிடைத்த வேலை. முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. வேலை யாருக்கு என்று நடந்த சண்டையில் கணவர் வீட்டு ஆட்கள் விலகிப்போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒரே உறவு குறிஞ்சிப்பாடியில் தறி நெய்கிற அண்ணன். அந்தம்மா சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் தண்ணீர் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஃபைல் ரூமுக்குள் போய்விடுவார். நான்தான் ஒருநாள், "ஞாயித்துக்கெழமை சும்மா வந்து பாருங்கம்மா" என்றேன்.

வந்தார். அன்றைக்குப் புதுக் கல்யாண ஜோடி ஒன்று ஆசீர்வாதம் வாங்க முன்னால் முழங்காலிட்டிருந்தது. பாஸ்டரின் மனைவி பெண்கள் பக்கம் பார்த்து, "சிஸ்டர், நீங்க வந்து பொண்ணு தலையில கை வைங்க" என்று அந்தம்மாவைக் கூப்பிட்டார். அந்தம்மா பதறி எழுந்து பின்னால் நகர்ந்தார். "நான் தாலியறுத்தவங்க" என்று மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. பாஸ்டரின் மனைவி நடந்து வந்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், அந்தக் கையை எடுத்துப் பெண்ணின் தலையில் வைத்தார். கணவர் போன நாளிலிருந்து நல்ல காரியம் நடக்கும் இடத்தில் ஒதுங்கி நின்றே பழகிய பெண். கையைப் பெண்ணின் தலையிலிருந்து எடுக்காமலே அழுதார். நானும் அழுதேன். அந்தக் கொட்டகையில் நடந்ததில் அது பொய்யில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மறுநாளே அந்தம்மா பெயருக்குச் சார்ட் போட்டேன். நாற்பது நாளும் ஒரு கட்டம் தவறவில்லை. ஃபிட்டரின் மனைவி ஒருநாள் இட்லி மாவு கொண்டுபோனார். ஒரு கேன்டீன் அம்மா ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே என் பெயரைப் போட்டுக்கொண்டு போனேன். அந்தம்மா ஆறு எவர்சில்வர் டம்ளர் வாங்கினார். "வூட்ல ரெண்டே டம்ளர்தான் சார் இருந்துது. இப்ப பத்தமாட்டேங்குது" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஃபைல் ரூமில் சாப்பிடுவது நின்றது.

அந்த நாற்பது நாளின் கடைசியில் அவர் அண்ணன் ஆபீசுக்கே வந்தார். மகள் வயதுக்கு வந்திருந்தாள், மஞ்சள் நீராட்டு. தட்டில் பத்திரிகையோடு தங்கைக்குத் தானே நெய்த புடவை ஒன்றும் இருந்தது. என் மேசை முன்னால் நின்றுதான் சொன்னார்: "ஊர்ல என்னா வேணா பேசிகினு போவட்டும். பங்காளிங்க கிட்ட சொல்லிட்டேன். எம்பொண்ணுக்கு மொதத் தண்ணி எந்தங்கச்சிதான் ஊத்தணும்." சபையில் நாங்கள் கூட்டமாகச் சேர்ந்து செய்ததை அந்த மனிதர் தனியாளாகச் செய்தார், அதுவும் தன் சாதி சனத்தின் நடுவில். எனக்கும் ஒரு பத்திரிகை கொடுத்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

நாற்பது முடிந்தது. சிவப்புக் கோடு போட்டேன். அடுத்த பெயருக்குக் கட்டம் போட ஆரம்பித்தேன்.

அந்தம்மாவிடம் இப்படி ஒரு சார்ட் இருப்பதை யாரும் சொல்லவில்லை. புது ஆட்கள் யாரிடமும் சொல்வதில்லை. விருந்தாளிக்கு இலையைப் போட்டுவிட்டு இத்தனை இட்லிதான் என்றா சொல்வோம்? நாலு நாள் கழித்து டீ வைக்க வந்தவர் நகராமல் நின்றார். முகம் வாடியிருந்தது.

"சார், நாலு நாளா வூட்டுக்கு யாருமே வரலீங்க. டம்ளரெல்லாம் கழுவி வெச்சிகினு ஒக்காந்திருந்தேன். நான் எதனா தப்பு பண்ணிட்டனா?"

சார்ட் என் டிராயரில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். "உங்க முறை முடிஞ்சுதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று ஒரு வரி. சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்த நாற்பது நாளும் டியூட்டி என்று ஆகிவிடும். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். காப்பாற்றியது என்னை. பெரிய மனுஷன் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்:

"யாரும் தப்புன்னு சொல்லலம்மா. ஆனா உங்களுக்குள்ள பழசு ஏதாவது இன்னும் விடாம ஒட்டிக்கிட்டு இருக்கான்னு ஜெபத்துல தேடிப் பாருங்க."

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். நான் டீ குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சபைக்குப் போனால் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். பத்திரிகை ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் சடங்கு. பத்தரைக்கு மேல் தண்ணீர் ஊற்றுவது. நான் தேடச் சொன்ன பழசு அண்ணன் வீட்டுச் சடங்குதான் என்று அவர் முடிவுகட்டிவிட்டது சட்டென்று புரிந்தது. அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. எழுந்துபோய், "அம்மா, நான் சும்மா சொன்னேன், கெளம்புங்க" என்று சொல்லியிருந்தால், என் ஸ்கூட்டரிலேயே அரைமணி நேரத்தில் குறிஞ்சிப்பாடியில் இறக்கிவிட்டிருக்கலாம். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. தேவனுக்காகச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அந்தம்மா எழுந்து, "எங்கண்ணன் வூட்டு சடங்க விட்டுட்டு வந்துட்டேங்க" என்றார். கொட்டகையே கைதட்டியது. நானும் தட்டினேன்.

அந்த வாரம் உறுத்தல் தாங்காமல் அவர் பெயரை மறுபடி சார்ட்டில் சேர்த்தேன், ஏழு நாளைக்கு. அது இன்னும் மோசம். அண்ணன் வீட்டை விட்டதும் ஆட்கள் திரும்ப வந்துவிட்டார்கள் அல்லவா? என் பொய் உண்மைதான் என்று அவருக்கு நிரூபணமே ஆகிவிட்டது.

அண்ணன் அதற்குப் பிறகு வரவில்லை. பங்காளிகள் முன்னால் தண்ணீர்க்குடத்தோடு அரைமணி நேரம் தங்கைக்காகக் காத்துக்கொண்டு நின்றாராம். அதன்பின் ஊரார் சிரிக்க, வேறு யாரையோ வைத்து ஊற்ற வேண்டியதாகிவிட்டதாம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வேலைக்கு வருகிற ஒருவர் ஆபீசில் சொன்னார். அந்தம்மா அப்போது பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து நான் சபையை விட்டேன். ஞானோதயம் எல்லாம் இல்லை. என் மகளுக்குக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வரன் அமைந்தது, பங்குச் சாமியாரிடமிருந்து கடிதம் வேண்டியிருந்தது. நல்ல பிள்ளையாகக் கோவிலுக்குத் திரும்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், இதைத் தவிர. எனக்குத் திரும்பிப்போக ஒரு கடைசி வரிசை இருந்தது. அந்தம்மாவுக்குத் திரும்பிப்போக இருந்த ஒரே வீட்டை நான் அடைத்துவிட்டிருந்தேன். நான் விட்டுவந்த பிறகு சபையில் சார்ட் போட ஆளில்லாமல் அந்த வழக்கம் தானாகவே நின்றுபோனது. ஆபீசில் அவர் தினமும் எனக்கு டீ வைத்தார். நான் தினமும் ஃபைலைப் பார்த்துக்கொண்டே வாங்கினேன்.

இந்த வருஷம் என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் கோவிலிலிருந்து நாலு பேர் ஆப்பிளோடு வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். மகள் துபாயில். சாயங்காலம் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. அந்தம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், என் மனைவியின் சிக்குப் பிடித்த தலையைப் பிரித்து வார ஆரம்பித்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஆபீஸ் விட்டதும் வந்து, ரசம் வைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போவார். சபை மறுபடி சார்ட் ஆரம்பித்துவிட்டது, என்னைத் திரும்பப் பிடிக்க இவரை அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். என் புத்தி அப்படி. பன்னிரண்டாம் நாள் வாயை விட்டே கேட்டேன்.

"யாரும்மா உங்களை அனுப்பினது?"

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் புரியாமல் பார்த்தார். "யாரு சார் அனுப்பணும்? அம்மாவுக்கு ஒடம்பு முடியல, நானா வர்றேன். அன்னிக்கு நீங்கல்லாம் என் வூட்டுக்கு வந்தீங்களே, அப்பிடித்தான்."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உள்ளே போய், அலமாரியில் பழைய டைரிகளுக்குள் வைத்திருந்த அந்தச் சார்ட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். ஏன் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன் என்று தெரியாது. நாற்பது கட்டம், நாற்பது டிக், சிவப்புக் கோடு. அன்றைக்கு இது என் டிராயரிலேயே இருந்தது, பழசு ஒட்டியிருக்கிறதா என்று நான் கேட்டது பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து நிதானமாகப் படித்தார்.

"அப்ப நாப்பத்தொண்ணாவது நாளு யாரும் எம்மேல கோவமா இல்ல?"

"இல்லம்மா."

"சடங்குக்கு நான் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

நறுக்கிய பீன்ஸைக் கழுவி அடுப்பில் வைத்தார். தாளித்தார். என் மனைவியிடம், "வர்றேம்மா" என்றார். ஸ்கூட்டி கிளம்பிப் போனது. அந்தத் தாளைப் பார்க்கச் சகிக்கவில்லை. சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே வந்துவிட்டார். அண்ணன் கொடுத்த அந்தப் புடவையைக் கட்டியிருந்தார். எட்டு வருஷ மடிப்பு கோடுகோடாக அப்படியே இருந்தது.

"அந்தப் பேப்பரக் குடுங்க சார். எங்கண்ணங்கிட்ட காட்டணும். அண்ணன் வூட்டுத் தண்ணியக் கேவலமா நெனச்சி நான் போவாம இருக்கல, இதனாலதான்னு காட்டணும்."

நேற்றே கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அவர் கத்தவில்லை. ஒரு நல்ல வசவு விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். புடவைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

படுக்கையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "பேப்பர் இல்லன்னா என்ன? எழுதின ஆளு இருக்காரே. போய்ட்டு வாங்க."

பஸ்ஸில் அந்தம்மா முன்னால், நான் பின்னால். அவர் அண்ணனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வடலூர் வரைக்கும் யோசித்தேன், குறிஞ்சிப்பாடி வரைக்கும் யோசித்தேன். ஒரு வாக்கியம்கூட நிற்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கட்டம் நிரப்பியவனுக்கு.

கதவைத் திறந்தது அந்தப் பெண், அன்றைக்குச் சடங்கு நடந்தவள். கல்லூரி முடித்த வயது. அத்தையைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. திரும்பி உள்ளே பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, யாரோ வந்திருக்காங்க."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. அண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தலை நரைத்திருந்தது. என்னை ஞாபகம் இருந்தது போல. நாற்காலியைக் காட்டி, "நீங்க ஒக்காருங்க சார்" என்றார். தங்கையைச் சொல்லவில்லை.

நான் உட்காரவில்லை. "அன்னிக்கு உங்க தங்கச்சி வராததுக்கு நான்தாங்க காரணம்" என்று நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.